யுத்தக் கொள்ளையும் கலைப்பொருள் மீட்பும்

யுத்தத்தில் வென்றவன் தோற்றவனுடைய நாட்டிலிருந்து பொன்னையும் தானியத்தையும் கால்நடைகளையும் வாரிச் செல்வது பழைய வழக்கம். அங்ஙனம் வாரிச் செல்லப்படுவனவற்றுள் சித்திரம், சிற்பம், சுவடி என்பனவும் அடங்கும். பொன் போனால் வேறு பொன் ஈட்டலாம். ஒரு மக்கட்கூட்டத்தின் கைவண்ணமும் நினைவும் படிந்த பொருள் போய்விட்டால் அதற்கு ஈடாக வைக்கத்தக்கது பிறிதொன்றில்லை. ஆதலின் இத்தகைய பொருள்கள் எவ்வாறு பறிபோகின்றன, பறிபோனவற்றுள் சில எவ்வாறு மீண்டு வருகின்றன, மீண்டவை யாரிடம் சேரத்தக்கவை என்பன நாம் அறிந்து வைக்கவேண்டிய செய்திகளாம். இவற்றை இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். அவ்யுத்தத்தில் கொள்ளையும் பெரிது, மீட்பும் பெரிது, இரண்டுக்கும் எழுத்துச் சான்றும் மிகுதி.

முதற்கண் ஒரு சித்திரத்தின் வரலாற்றைக் காண்போம். பெல்ஜியம் நாட்டிலுள்ள கெண்ட் நகரத்தின் பெரிய தேவாலயத்தில் ஒரு பீடச் சித்திரம் உண்டு. வான் ஐக் சகோதரர்கள் மரப்பலகைகளின்மீது தீட்டி 1432-ஆம் ஆண்டில் முடித்தது அது. கதவுகளைப் போல மூடித் திறக்கும் சிறகுப் பலகைகள் அதன் இருமருங்கிலும் உள்ளன. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையினர் அந்நகரத்துள் புகுந்து, நடுப்பலகைகள் நான்கையும் பெயர்த்துப் பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனைக்குக் கொண்டுசென்றனர். வாட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் அவை திரும்பின. வென்ற படை எடுத்துச் சென்றது மீளவும் உரிய இடம் சேரவேண்டும் என்னும் எண்ணம் ஐரோப்பிய அரசுகளிடையே வலுப்பெற்றது அக்காலத்திலேதான்.

ஆனால் பகைவனிடமிருந்து மீண்டதைச் சொந்த வீட்டார் காத்தார்களோ? இல்லை. மறு ஆண்டே அத்தேவாலயத்தின் அதிகாரி ஒருவர் சிறகுப் பலகைகள் ஆறனை வியாபாரியிடம் விற்றுவிட்டார். அவை கைமாறி 1821-இல் பிரஷ்ய மன்னரை அடைந்து, பெர்லின் காட்சிசாலையில் அமர்ந்தன. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின், 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 247-ஆம் பிரிவு அப்பலகைகளைப் பெல்ஜியத்துக்கு ஒப்புவிக்குமாறு ஜெர்மனியைப் பணித்தது. 1920-இல் அவை கெண்ட் வந்தடைந்தன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அப்பலகைகள் கொள்ளையடிக்கப்பட்டவை அல்ல. விலை கொடுத்து வாங்கப்பட்டவை. யுத்தத்தில் ஜெர்மானியர் செய்த சேதத்துக்கு ஈடாகவே அவை பெறப்பட்டன. கொள்ளைப் பொருளை மீட்பது வேறு, நஷ்டத்துக்கு ஈடு வாங்குவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனால் ஜெர்மானியர் நெஞ்சில் ஒரு குறை தங்கிற்று என்பது எமது கருத்து. அக்குறையே பின்னால் ஒரு சாக்காயிற்று.

1940-இல் ஹிட்லரின் படை பெல்ஜியத்தை நெருங்கியபோது, பீடச் சித்திரத்தை வாட்டிகன் நகருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. பிரான்சு தேசத்தின் வழியே போய்க்கொண்டிருக்கையில் இத்தாலியும் யுத்தத்தில் இறங்கிவிட்டதால், பிரான்சின் தென்கோடியிலுள்ள போ என்னும் ஊரின் கோட்டையில் அதனை வைத்தனர். 1942-இல் ஜெர்மானியர் வந்து, பிரான்சில் அப்போதிருந்த விஷி அரசாங்கத்தின் இசைவுடன் அதனை எடுத்துக்கொண்டு போயினர். பவேரியாவின் நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையிலும், பின்பு ஆஸ்திரிய மலைக்குள்ளிருந்த ஓர் உப்புச் சுரங்கத்திலும் அது ஒளித்து வைக்கப்பட்டது. அச்சுரங்கத்தின் கதைக்குப் பின்னர் வருவோம்.

நாஜிகள் கொள்ளையடித்த முறையை இனி நோக்குவோம். தனியார் சொத்துக்கும் கலைப்பொருள்களுக்கும் யுத்தத்தில் தீங்கு செய்தல் கூடாது என்பது புதிதாக எழுந்த விதியன்று. 1907-ஆம் ஆண்டு ஹேக் நகரத்து ஒப்பந்தத்தின் 56-ஆம் விதி அதனைத் தெளிவாகத் தடுத்திருந்தது. ஜெர்மனியும் அதற்குக் கட்டுப்பட்ட நாடே. ஆகவே அவர்கள் பகிரங்கக் கொள்ளையோடு நில்லாமல், சட்டத்தின் வேஷத்தையும் பூண்டுகொண்டனர். 1938-ஆம் ஆண்டு ஏப்ரலில், 5,000 மார்க்குக்கு மேற்பட்ட ஆஸ்தியுள்ள யூதர் யாவரும் தம் உடைமைகளை ஜாபிதா எழுதித் தாக்கல் செய்யவேண்டும் என்று உத்தரவிட்டனர். நாட்டைவிட்டு வெளியேற விரும்புவோர்மீது பெரும் வரி விதித்தனர். அவ்வரியைக் கட்டவேண்டி, சுவரில் தொங்கிய சித்திரங்களைச் சொற்ப விலைக்கு விற்கும்படி ஆயிற்று. அச்சொற்ப விலையும் சொந்தக்காரர் கைக்கு வாராதபடி வங்கிக் கணக்கில் முடக்கப்பட்டது. தப்பியோடியவர்களின் வீட்டுப் பொருள்களோ, உடையவன் இல்லாத சொத்து எனப் பெயர் சூட்டப்பட்டுப் பறிமுதலாயின. கிரயச் சீட்டு உண்டு, ரசீது உண்டு, முத்திரை உண்டு. நியாயம் மாத்திரம் இல்லை.

இந்த வேஷத்தை நேசநாடுகள் யுத்தம் முடிவதற்கு முன்னரே அறிந்துகொண்டன. 1943-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் லண்டனில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பகைவர் பிடித்த நாடுகளில் நிகழ்ந்த சொத்து மாற்றம் எதனையும் செல்லாதென ஒதுக்கும் உரிமை தமக்கு உண்டு என அவை அறிவித்தன. நேரான கொள்ளையாயினும் சரி, வெளித்தோற்றத்தில் சட்டப்படியான கிரயமாயினும் சரி, உடையவர் மனம் ஒப்பிக் கொடுத்ததாகக் காட்டப்பட்டதாயினும் சரி, யாவும் அதனுள் அடங்கும். அவ்வறிக்கையை வெளியிட்ட அரசுகளின் வரிசையில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. அன்று நாம் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. நம் மக்களைக் கேட்டு அப்பெயரை எழுதினார்களா என்பது வேறு விஷயம். ஆயினும் அவ்வாக்குறுதியில் நம் நாட்டின் பெயரும் பதிந்துள்ளது என்பதை நாம் மறக்கலாகாது. அச்சுறுத்தி வாங்கிய கையொப்பம் கையொப்பமே அன்று என்னும் கொள்கை இல்லையேல், பின்னால் நடந்த மீட்பில் பெரும்பகுதி நடந்தே இராது.

கொள்ளைக்கென ஏற்பட்ட ஸ்தாபனங்களுள் தலையானது ஆல்ஃபிரட் ரோஸன்பர்க் என்னும் நாஜித் தலைவரின் பெயரால் இயங்கியது. பாரிஸில் ழே த போம் என்ற சிறு காட்சிசாலையைக் கைப்பற்றி, 1940-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் அதனையே கிடங்காக வைத்துக்கொண்டார்கள். யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதன் வழியே சென்றன. ஹிட்லர் தம் இளமை ஊராகிய லின்ஸ் நகரில் அமைக்க நினைத்த மாபெரும் காட்சிசாலைக்கென முதல் தேர்வு. அடுத்தது தளபதி கோரிங்கின் சொந்தச் சேகரத்துக்கு. கோரிங் அக்கிடங்குக்குச் சுமார் இருபது முறை தாமே வந்து, நூற்றுக்கணக்கான பொருள்களைப் பொறுக்கி எடுத்துச் சென்றார்.

அக்கிடங்கிலே ஒரு பெண்மணி இருந்தார். பெயர் ரோஸ் வாலண்ட், 1898-இல் பிறந்தவர். பிரெஞ்சுக் காட்சிசாலைகளின் தலைவர் ஜாக் ஜோஜார் சொற்படி, ஜெர்மானியர் வந்தபின்னும் வேலையைவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கினார். அவருக்கு ஜெர்மன் மொழி தெரியும். தெரியும் என்பது ஜெர்மானியருக்குத் தெரியாது. எந்தப் பெட்டி யாருடையது, எந்த நாளில் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பதையெல்லாம் காதால் கேட்டும், குப்பைக் கூடையில் எறிந்த கார்பன் தாள்களை எடுத்துப் படித்தும், இரவில் எழுதி வைத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட முறை சந்தேகப்பட்டு வெளியேற்றினர். ஏதேனும் காரணம் காட்டித் திரும்பி வந்தார். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிருக்க முடியாது. நாலாண்டு இவ்வாறு கழிந்தது. படைக்கலம் தாங்கியவர்களின் வீரத்தை உலகம் பாடுகிறது. ஒரு குறிப்பேட்டை மறைத்து வைத்துக்கொண்டு, வாய் பேசாமல் நாலாண்டு உட்கார்ந்திருப்பது அதனினும் அரிது என்று எமக்குத் தோன்றுகிறது.

1944-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேசப்படைகள் பாரிஸை நெருங்கியபோது, ஜெர்மானியர் 148 பெட்டிகளில் சித்திரங்களை அடைத்து ரயில் வண்டிகளில் ஏற்றினர். ரோஸ் வாலண்ட் வண்டி விவரங்களை ஜோஜாருக்குத் தெரிவிக்க, அவர் ரயில்வே எதிர்ப்பாளர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஒருநாள் ஒரு காரணம், மறுநாள் வேறொரு காரணம் என்று தொழிலாளர்கள் அவ்வண்டியை நகரத்தின் எல்லையைத் தாண்டவிடவில்லை. அதற்குள் பிரெஞ்சுப் படையினர் வந்து அதனைப் பிடித்தனர். அப்பகுதிப் படைக்குத் தலைமை வகித்த இளைஞர் அலெக்சாண்டர் ரோஸன்பர்க், கலை வியாபாரி பால் ரோஸன்பர்க்கின் மகன். பெட்டிகளைத் திறந்தால், தம் வீட்டுச் சுவரில் சிறுவயது முதல் பார்த்திருந்த சித்திரங்களே அவற்றுள் சில! (நாஜித் தலைவர் ரோஸன்பர்க் வேறு, இவர்கள் வேறு. பெயரொற்றுமை கண்டு நேயர்கள் மயங்க வேண்டா.)

நேசப்படையிலும் 1943 முதல் நினைவுச் சின்னங்களையும் கலைப்பொருள்களையும் காக்கவென்று ஒரு தனிப்பிரிவு ஏற்பட்டிருந்தது. சிற்பிகள், காட்சிசாலை ஊழியர்கள், சரித்திர ஆசிரியர்கள் முதலிய ஆண் பெண் சுமார் 345 பேர் பல ஆண்டுகளில் அதில் பணியாற்றினர். போர்முனையில் இருந்தவர் மிகச் சிலரே. அவர்களுக்குப் போதிய வாகனம் இல்லை. சேனாதிபதிகளுக்கு உத்தரவிடும் அதிகாரமும் இல்லை. அப்பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரோரிமரின் நேர்மையில் நம்பிக்கை பிறந்த பின்னரே, வாலண்ட் அம்மையார் தம் குறிப்புகளை அவரிடம் கொடுத்தார். அவற்றைக் கொண்டே நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையிலிருந்த பெருங்குவியலும், கொள்ளைக்காரர்களே எழுதி வைத்திருந்த பதிவுச் சீட்டுகளும் அகப்பட்டன.

இனி அந்த உப்புச் சுரங்கம். ஆஸ்திரியாவில் ஆல்டாவுஸ்ஸே என்னும் மலைக்கிராமத்தில் பல நூற்றாண்டுகளாக உப்பு வெட்டும் சுரங்கம் உண்டு. உள்ளே வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் மாறுவதில்லை. விமானக் குண்டும் எட்டாது. ஆதலால் 1943-இல் ஆஸ்திரியக் கோயில் பொருள்களைக் காக்க முதலில் அதனைத் தேர்ந்தார்கள். பிறகு ஹிட்லரின் லின்ஸ் சேகரமே அங்கு வந்து சேர்ந்தது. குகையறைகளில் மரத்தட்டுகள் அடித்து வரிசையாக அடுக்கினர். சுமார் 6,500 ஓவியங்கள், நூற்றுக்கு மேற்பட்ட சிலைகள், ஆயிரக்கணக்கான வரைபடங்கள், புத்தகப் பெட்டிகள். கெண்ட் பீடச் சித்திரமும், ப்ரூஜ் நகரத்துத் தேவாலயத்திலிருந்து 1944 செப்டம்பரில் மெத்தைகளில் சுருட்டிச் செஞ்சிலுவை வண்டியில் கடத்திய மைக்கேலாஞ்சலோவின் தாயும் சேயும் சிலையும், வெர்மீர் வரைந்த வானநூற் புலவன் சித்திரமும் அவற்றுள் அடங்கும்.

1945-ஆம் ஆண்டு ஏப்ரல். ஜெர்மனியின் தோல்வி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எதிரி கையில் பயன்படத்தக்கது எதுவும் அகப்படலாகாது, அழித்துவிடுக என்று மார்ச்சு 19-ஆம் நாள் ஹிட்லர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். கலைப்பொருள்களை அழிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம் அன்று என்று பெர்லினிலிருந்து பின்னர் தகவல் வந்தும், அம்மாகாணத்து நாஜித் தலைவர் ஐக்ருபர் அதைக் கேட்பதாயில்லை. பளிங்குக்கல், கவனமாகக் கையாள்க என்று மேலே எழுதிய 8 பெட்டிகளைச் சுரங்கத்துள் அனுப்பினார். ஒவ்வொன்றினுள்ளும் இருந்தது பளிங்கு அன்று; 500 கிலோ எடையுள்ள விமானக் குண்டு.

இதனைச் சுரங்கத் தொழிலாளர்கள் அறிந்துகொண்டார்கள். சுரங்கத்தில் இறங்கி உழைத்த குடும்பங்களில் பிறந்த நேயர்களுக்கு, அவர்கள் நெஞ்சில் எழுந்த அச்சம் யாதென நாம் விளக்கவேண்டியதில்லை. உப்புச் சுரங்கத்துக்குப் பகை நீர். வெடியினால் மலை பிளந்து நீர் உட்புகுமாயின் சித்திரங்கள் மாத்திரமா போகும்? தலைமுறை தலைமுறையாகச் சோறிட்ட சுரங்கமும் போகும். ஊரே பிழைப்பற்றுப் போகும். சுரங்கத் தலைவர் பெஹ்முல்லரும், அங்கிருந்த கலைக் காப்பாளர்களும், தொழிலாளர்களும் கூடிக் கூடிப் பேசினர். ஆலாய்ஸ் ரவுடாஷ்ல் என்னும் தொழிலாளியின் வாயிலாக, அவ்வட்டாரத்தில் வந்து ஒளிந்திருந்த கால்டென்ப்ரன்னர் என்னும் பெரிய நாஜி அதிகாரியை அணுகினர். ஐக்ருபரின் ஆணையை மீறிக் குண்டுகளை அகற்ற அவர் இசைந்தார். மே 3-ஆம் நாள் இரவில் தொழிலாளர்கள் அப்பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொணர்ந்து மரங்களினிடையே மறைத்து வைத்தனர். பின்பு மே 5-ஆம் நாள், சிறு வெடிகளைத் தக்க இடத்தில் வைத்துச் சுரங்க வாயில்களை மாத்திரம் இடித்து மூடினர். உள்ளே உள்ளதற்கு ஊறு நேராமல் வாயில் மட்டும் சரியவேண்டும்! எவ்வளவு மருந்து, எவ்விடத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்பது புத்தகம் படித்து வருவதன்று, கைப்பழக்கத்தால் வருவது. மே 8-ஆம் நாள் அமெரிக்கப் படையினர் ஊரை அடைந்தனர்.

பின்னாளில், சுரங்கத்தைக் காத்தவன் நானே என்று பலர் முன்வந்தனர். தலைவர் ஒன்று சொன்னார். காட்சிசாலை அதிகாரி மற்றொன்று சொன்னார். எதிர்ப்பு இயக்கத்தார் வேறொன்று சொன்னார். சரித்திர ஆசிரியர்கள் இன்றும் இதில் ஒருமனப்படவில்லை. கால்டென்ப்ரன்னரோ எண்ணற்ற மக்களின் கொலைக்குப் பொறுப்பாளியாகி 1946-இல் நியூரம்பர்க் தீர்ப்பின்படி தூக்கிலிடப்பட்டவர். ஒரு சொல் சொன்னதற்காக அவருக்குப் புகழ் சேர்ப்பது தகாது. யார் திட்டமிட்டாரோ, யார் கட்டளையிட்டாரோ. இருட்டில் அரை டன் குண்டைத் தோளும் கயிறும் கொண்டு வெளியே இழுத்தவர்கள் தொழிலாளர்களே. அதில் எவருக்கும் ஐயமில்லை.

அமெரிக்கர்களுக்கு இச்சுரங்கம் பற்றிய செய்தி எட்டிய விதம் நகைப்புக்குரியது. ராபர்ட் போஸி என்ற அதிகாரிக்கு ட்ரியர் நகரில் பல்வலி. பல் மருத்துவர் ஒருவரிடம் போனார். பேச்சுவாக்கில், தம் மருமகனும் கலை ஆராய்ச்சி செய்பவனே என்றார் மருத்துவர். மருமகன் பாரிஸில் நாஜிகளுக்குத் துணை நின்றவன். அவன் வாயிலிருந்து ஆல்டாவுஸ்ஸே என்னும் பெயர் வந்தது. மே மாதத்தில் போஸியும் அவர் உதவியாளர் கர்ஸ்டீனும் இடிந்த வாயிலில் வழி உண்டாக்கி உள்ளே புகுந்தனர். சிறிது தூரம் சென்றதும், காலிப் பெட்டிகளின்மேல் கெண்ட் பீடச் சித்திரத்தின் பலகைகள் கைவிளக்கின் ஒளியில் தெரிந்தன.

அவற்றை வெளிக்கொணரும் பொறுப்பு ஜார்ஜ் ஸ்டவுட் என்பவருக்குக் கிடைத்தது. சித்திரங்களைப் பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர். பெட்டி செய்யப் பலகை இல்லை, சுற்றத் துணி இல்லை. ஜெர்மானியப் படையினருக்கென வைத்திருந்த ஆட்டுத்தோல் அங்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றால் சிலைகளைச் சுற்றிக் கயிற்றால் வரிந்து, சுரங்கத்தின் சிறு தண்டவாள வண்டியில் ஏற்றினார். ஜூன் முதல் லாரிகள் வரிசையாக ம்யூனிக் நகரத்துக்குச் சென்றன. சேகர நிலையமாக அங்கே அமைந்தவை நாஜிக் கட்சியின் தலைமைக் கட்டிடங்களே.

சேகர நிலையத்தில் நடந்த வேலையை நேயர்கள் கவனிக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தலின் உயிர்நிலை அதுவே. வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம், ஒரு சீட்டு. பின்புறத்தில் உள்ள குறிகள் யாவும் சீட்டில் ஏறும். நாஜிகள் தாம் பறித்த பொருளின் பின்புறத்தில், பறிகொடுத்த குடும்பத்தின் பெயரெழுத்தையும் வரிசை எண்ணையும் எழுதும் பழக்கம் உடையவர்கள். ரோத்ஷைல்டு குடும்பத்துக்குரியதாயின் அப்பெயரின் முதலெழுத்தும் எண்ணும் இருக்கும். தங்கள் கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டுமென எண்ணிக் கொள்ளைக்காரர் எழுதிய எழுத்தே, பொருளை உடையவரிடம் கொண்டு சேர்க்கும் வழியாயிற்று. மாறாக, எவ்விதக் குறியும் பழைய புகைப்படமும் இல்லாத எளிய குடும்பங்களின் பொருள்கள் வழி தெரியாமல் நின்றுவிட்டன. நம் ஊர்களிலுள்ள சிலைகளையும் சுவடிகளையும் இன்றே புகைப்படம் எடுத்து, அளவு குறித்து, இரண்டு இடங்களில் வைத்தல் நன்று என்பது இதனால் பெறப்படும்.

கெண்ட் பீடச் சித்திரம் 1945 ஆகஸ்டிலேயே விமானத்தில் பெல்ஜியம் சென்றது. ப்ரூஜ் நகரத்துச் சிலை தன் தேவாலயம் சேர்ந்தது. போலந்து தேசத்துக் கிராக்கோவ் நகரின் பெரும் மரச்சிற்பப் பீடம், நியூரம்பர்க் கோட்டையின் அடியிலிருந்த நிலவறையினின்று மீண்டு 1946-இல் திரும்பியது. லியோனார்டோ வரைந்த கீரிபோன்ற சிறுவிலங்கு ஏந்திய பெண்மணியின் சித்திரமும் அவ்வாண்டே திரும்பிற்று. அதனோடு பறிபோன ரஃபேலின் இளைஞன் சித்திரத்தை 1945-க்குப் பின் கண்டவர் இல்லை.

பொருளை நேரே உடையவரிடம் நேசநாடுகள் கொடுக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து பறிக்கப்பட்டதோ அந்த நாட்டு அரசாங்கத்திடம் ஒப்புவித்தன. உடையவரைத் தேடுவது அவ்வரசாங்கத்தின் கடமை என விட்டுவிட்டன. விரைவுக்கு இஃது உதவிற்று. நியாயத்துக்கு முழுதும் உதவவில்லை. பிரான்சுக்குச் சுமார் 60,000 பொருள்கள் திரும்பின. அவற்றுள் சுமார் 45,000 சில ஆண்டுகளுக்குள் உடையவர்களிடம் சேர்ந்தன. எஞ்சியவற்றில் சுமார் 13,000 பொருள்களை அரசாங்கம் விற்றுவிட்டது. சுமார் 2,000 பொருள்கள் காட்சிசாலைகளின் பொறுப்பில் தங்கின. உரிமை கேட்க வேண்டியவர்களுள் பலர் கொலைக்கூடங்களில் மாண்டுபோயினர். ஒரு குடும்பமே அற்றுப்போன பின் யார் வந்து கேட்பார்? ஐம்பது ஆண்டுக்காலம் காட்சிசாலைகள் அவ்வுடையவர்களின் வாரிசுகளைத் தேட வேண்டிய அளவு தேடவில்லை என்பதே உண்மை.

வென்றவர்களும் குற்றமற்றவர் அல்லர். பெர்லின் காட்சிசாலைகளுக்கே சொந்தமான 202 சித்திரங்களைப் பாதுகாப்பின் பொருட்டு என்று சொல்லி 1945-இன் இறுதியில் அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. வீஸ்பாடன் சேகர நிலையத்திலிருந்த கலைப்பிரிவு அதிகாரிகள், தோற்றவர் பொருளைக் காவல் என்னும் பெயரால் எடுத்துச் செல்லுதல், நாம் எவர்மீது குற்றம் சாட்டுகிறோமோ அவர் செய்ததையே ஒக்கும் என்னும் கருத்துப்பட, நவம்பர் 7-ஆம் நாள் ஓர் எதிர்ப்பு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டனர். சேனையில் இருந்துகொண்டே சேனையின் ஆணையை மறுத்து எழுதுவது சிறு காரியமன்று. சித்திரங்கள் போகத்தான் போயின. ஆனால் 1949-க்குள் யாவும் திருப்பி அனுப்பப்பட்டன.

சோவியத் நாடு வேறு வழியில் சென்றது. தன் நகரங்களும் காட்சிசாலைகளும் ஜெர்மானியரால் அழிக்கப்பட்டமைக்கு ஈடாக, ஜெர்மன் சேகரங்களை ரயில் ரயிலாக எடுத்துச் சென்றது. டிரெஸ்டன் நகரத்துச் சித்திரங்களை 1955 முதலும், பெர்கமம் பீடத்தின் சிற்பங்களை 1958 முதலும் கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தது. ட்ராய் நகரில் ஷ்லீமான் தோண்டி எடுத்த பொற்குவியல் மட்டும் மாஸ்கோவில் மறைந்திருந்தது. 1990-க்குப் பின்னரே அது அங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டனர். 1998-இல் ருஷிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அத்தகைய பொருள்களைத் தேச உடைமை ஆக்கியது. ருஷிய மக்கள் பட்ட துன்பம் அளவற்றது. ஆயினும் ஈடு வேறு, மீட்பு வேறு என்று கெண்ட் சிறகுப் பலகைகளைக் குறித்து நாம் சொன்னது இங்கும் பொருந்தும்.

1954-ஆம் ஆண்டில் ஹேக் நகரில், ஆயுதப் போராட்டங்களில் பண்பாட்டுப் பொருள்களைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. பிடித்த நாட்டிலிருந்து கொண்டுபோன பொருளைப் போர் முடிந்ததும் திருப்பவேண்டும், ஒருபோதும் அதனை யுத்த ஈடாக வைத்துக்கொள்ளலாகாது என்று அதன் துணை ஒப்பந்தம் விதிக்கிறது. இந்தியா 1958-இல் அவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது.

இனித் தனியார் உரிமை. ஆங்கிலேயர் சட்ட வழக்கில் திருடனிடம் வாங்கியவனுக்கு உரிமை பிறவாது. ஐரோப்பியப் பெருநாட்டுச் சட்டங்கள் பலவற்றிலோ, அறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கியவனுக்குச் சில ஆண்டுகளில் உரிமை பிறந்துவிடும். இதனோடு காலவரையறையும் சேர்ந்து, உடையவரின் பிள்ளைகள் வழக்காட முடியாதபடி ஆயிற்று. 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய 44 நாடுகள், நீதியும் நேர்மையும் பொருந்திய தீர்வு காணவேண்டும், காட்சிசாலைகள் தம் ஏடுகளைத் திறந்து காட்டவேண்டும் என்று 11 கொள்கைகளை ஏற்றன. அவை சட்டமல்ல, மனச்சாட்சிக்கு விடுத்த வேண்டுகோளே. ஆயினும் பயன் விளைந்தது. வியன்னா நகரத்தில் க்ளிம்ட் வரைந்த அடேல் அம்மையாரின் சித்திரம் உள்ளிட்ட ஐந்து ஓவியங்களை, அவ்வம்மையாரின் உறவினர் மரியா ஆல்ட்மன் கேட்டார். 1938-இல் வியன்னாவைவிட்டுத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர் அவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்று, 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்தியஸ்தர்கள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 89. ரயிலில் தம் வீட்டுச் சித்திரங்களைக் கண்ட அலெக்சாண்டர் ரோஸன்பர்க்கின் தந்தையிடமிருந்து பறிபோன மத்தீஸ் சித்திரம் ஒன்று, ம்யூனிக் நகரத்து வீடொன்றில் மறைந்திருந்து வெளிப்பட்டு, 2015-இல்தான் அக்குடும்பத்தாரை அடைந்தது. 2023-இல் பிரான்சு ஒரு சட்டம் இயற்றி, நாஜிக் காலத்தில் யூதரிடமிருந்து பறித்த பொருள் அரசாங்கக் காட்சிசாலையில் இருப்பினும், ஒவ்வொன்றுக்கும் தனிச்சட்டம் வேண்டாமலே திருப்பிக் கொடுக்க வழி செய்தது.

நமக்கு அணுக்கமான ஒரு செய்தியையும் இங்குச் சேர்ப்போம். ஆப்கானிஸ்தானத்தின் பெக்ராம் என்னும் பழைய நகரில் 1937-லும் 1939-லும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, குஷாண மன்னர் காலத்துத் தந்தச் செதுக்குகள் பல கிடைத்தன. ஆசனங்களையும் பேழைகளையும் அலங்கரித்தவை அவை; இந்தியக் கலைமரபில் வந்தவை. காபூல் காட்சிசாலையில் இருந்த அவை 1992-ஐ அடுத்த உள்நாட்டு யுத்தத்தில் கொள்ளை போயின. அவற்றுள் 20 துண்டுகள் மேல்நாட்டில் வெளிப்பட்டபோது, அடையாளம் கண்டது எவ்வாறு? அகழ்ந்தெடுத்தவர்கள் அன்றே படத்துடன் அச்சிட்டு வெளியிட்டிருந்த நூல்களால். பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் பொருள் கொடுத்து அவற்றை மீட்டார். லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலையார் நொறுங்கிய தந்தத்தைப் பழுதுபார்த்து, 2011-இல் மக்களுக்குக் காட்டினர். 2012-இல் அத்துண்டுகள், காந்தார நாட்டுப் புத்தர் சிலை ஒன்றும் வேறு பல பொருள்களும் உடன்வர, காபூல் காட்சிசாலைக்குத் திரும்பின.